கண் இல்லாத அன்னம்

காஞ்சிபுரம்
1.9.2025

அன்புள்ள சத்யா,

அன்று இளவரசியிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "இந்தப் படம் கோப்புக்கு மட்டும் இல்லை."

"எதுக்குமா போட்டோ?" என்று தறியில் உட்கார்ந்தபடியே கேட்டாள். "ஆபீஸ் ஃபைலுக்கு" என்றேன். அந்த நிமிடத்தில் அது பொய் அல்ல.

அவளைப் பற்றி உனக்கு ஒருமுறை எழுதியிருக்கிறேன். கணவன் குமரகுருவின் அடிக்குப் பயந்து ஏழு மாதம் முன்பு பிள்ளையார்பாளையத்திலிருந்து ஓடிவந்தவள். வாலாஜாபாத் பக்கம் ஒரு வீட்டில் தங்கிக் கூலிக்கு நெய்கிறாள். எங்கள் ஆபீசில் அந்த வீடு எனக்கும் மேலதிகாரி கிருஷ்ணவேணி மேடத்துக்கும் மட்டுமே தெரியும்.

உன் இணைய வகுப்பின் நான்காம் பாடத்தை அப்படியே செய்தேன். "சமூகப் பணியாளர் வேலை செய்தால் போதாது, செய்தது தெரிய வேண்டும்." நேற்று அவள் கதையைப் பதிவிட்டேன். பெயரை மலர் என்று மாற்றினேன். முகத்தை மங்கலாக்கினேன். ஓடிவந்த இரவு, உடைந்த முன்பல், கணவன் செய்யும் தொழில் எல்லாம் இருந்தபடியே எழுதினேன். இன்று காலைக்குள் அறுநூறு பேர் விரும்பியிருக்கிறார்கள். சென்னையில் ஒரு நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது என்பது உனக்குத் தெரியுமே.

சந்தோஷம்தான். ஆனாலும் அவளிடம் கேட்காமல் போட்டது காலில் தைத்த முள் மாதிரி இருக்கிறது. நான் செய்தது சரிதான் என்று ஒரு வரி எழுது. போன கடிதத்துக்கே நீ பதில் போடவில்லை.

உன்
ஜனனி

---

சென்னை
3.9.2025

அன்பு ஜனனி,

கோபப்படாதேடி. இந்த மாதம் மூன்று வகுப்பு, நூற்று இருபது பேர். மூச்சு விட நேரமில்லை.

முகம் மறைத்தாயா? பெயர் மாற்றினாயா? பிறகென்ன முள்? கல்லூரியிலும் நீ இப்படித்தான். பரீட்சை முடிந்த பிறகு விடையைத் தேடிக்கொண்டிருப்பாய். உன் பதிவை என் வகுப்பில் உதாரணமாகக் காட்டினேன். "அக்கா, யாருக்கா இவங்க, இப்படி எழுதறாங்க?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஐந்தாம் பாடத்தை மறக்காதே. ஒவ்வொரு பின்னூட்டத்துக்கும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவர் என்றாலும் நன்றி சொல். நேர்காணலுக்கு அந்த நீலச் சேலை கட்டிக்கொண்டு போ.

சத்யா

---

காஞ்சிபுரம்
9.9.2025

சத்யா,

பதிவை இன்று நீக்கிவிட்டேன். ஒன்பது நாள் இருந்திருக்கிறது.

சென்ற வாரம் ஒரு பின்னூட்டம் வந்தது. ஆள் படம் இல்லாத கணக்கு, வேல் படம் மட்டும். "அன்னம் நல்லா வுழுந்திருக்குது" என்று எழுதியிருந்தது. பாராட்டு என்று நினைத்து, "மிக்க நன்றி சார்" என்று உடனே பதில் போட்டேன்.

இன்று அந்த வீட்டுக்குப் போனபோது மனம் கேட்காமல் இளவரசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். மங்கிய முகத்தை அவள் பார்க்கவே இல்லை. தறியில் இருந்த சேலையின் கரையைப் பார்த்தாள். அதில் வரிசையாக அன்னங்கள்.

"கண்ணு இருக்குதா பாரு" என்றாள்.

எந்த அன்னத்துக்கும் கண் இல்லை.

குமரகுருவின் தொழில் அட்டை குத்துவது. தறியின் மேல் ஏற்றுகிற அட்டைகளில் அவன் குத்தும் துளைதான் சேலையில் உருவமாக விழும். எந்தப் பறவைக்கும் அவன் கண் வைக்க மாட்டானாம். அதுதான் அவன் அடையாளம்.

"அட்டை ஏறின அன்னிக்கே எனக்குத் தெரியும் ஜனனிமா. எனக்குத் தறி குடுத்த மாஸ்டரு ஒரே செட்டுதான் குத்தச் சொன்னாரு. அது எந்த வீட்டுக்குப் போச்சுன்னு குத்தறவனுக்குத் தெரியாது. யாரு நெய்யறதுன்னும் தெரியாது. அந்தத் தைரியத்துலதான் நெய்ஞ்சிக்கினு இருந்தேன். நீ கதையில என்னைச் சொல்லிட்ட, படத்துல சேலையைக் காட்டிட்ட. இனிமே அவன் மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்டாப் போதும், வீடு தெரிஞ்சிடும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை என் கையில் கொடுத்துவிட்டு நெய்யத் தொடங்கினாள்.

"இப்பவே கிளம்பலாம்" என்றேன்.

"இன்னும் ஒரு முழம் இருக்குது. பாதிச் சேலையை விட்டுட்டு எழுந்தா அப்புறம் எனக்கு எவன் தறி குடுப்பான்? வெள்ளிக்கிழமை அறுத்துக் குடுத்துட்டு வர்றேன்பா."

கிருஷ்ணவேணி மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்ய?

ஜனனி

---

சென்னை
10.9.2025

ஜனனி,

பதறாதே. பத்து நாளாக வராதவன் இரண்டு நாளில் வந்துவிடப் போகிறானா? அவளே வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டாள். நாளை உனக்கு நேர்காணல். அதை முடித்துவிட்டு மேடத்திடம் சொல். இன்றைக்கே சொன்னால் உன்னை வேலையை விட்டு அனுப்புவார்கள், அதை நேர்காணலில் எப்படி விளக்குவாய்?

சம்மதம் வாங்கவில்லை என்று இனி எங்கும் எழுத்தில் வைக்காதே. மின்னஞ்சலில் இருக்கும் இந்தக் கடிதங்களையும் அழித்துவிடு. உன் நல்லதுக்குத்தான்டி சொல்கிறேன்.

சத்யா

---

காஞ்சிபுரம்
15.9.2025

சத்யப்ரியா,

நீ சொன்னபடியே செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை நீலச் சேலை கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தேன். போனை அணைத்து வைத்திருந்தேன். "உங்களுடைய மிகப் பெரிய பலம் எது?" என்று கேட்டார்கள். "மக்களின் நம்பிக்கையைப் பெறுவது" என்றேன்.

கடிதங்களை அழிக்கவில்லை. இதோடு சேர்த்து ஐந்தையும் மேடத்திடம் கொடுக்கப் போகிறேன். காவல் நிலையத்துக்கும் ஒரு பிரதி போகும். உன் பெயர் அதில் இருக்கிறது, என் பெயருக்குக் கீழே. எனக்கு இனி எழுத வேண்டாம். வகுப்பில் அந்தப் பதிவை இன்னும் காட்டிக்கொண்டிருந்தால் மட்டும் நிறுத்திவிடு.

வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் குமரகுரு அந்த வீட்டுக்குப் போனான். அட்டை குத்தும் உளி கையில் இருந்தது. இளவரசி இப்போது அரசு மருத்துவமனையில் இருக்கிறாள். இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பார்வை வராது என்று நேற்று மருத்துவர் சொன்னார். மீதி முழத்தை வேறொரு பெண் நெய்து முடித்தாள். சேலையைச் சனிக்கிழமை அறுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

ஜனனி