திரும்பினால் வலிக்கிற பக்கம்

கீழ் வீடு
மார்ச் 4, செவ்வாய்

மேல் வீட்டு நாத்தனாருக்கு,

நலமா என்று கேட்கவில்லை. படியில் உன் செருப்புச் சத்தம் கேட்கிறது, நலம்தான். ஒன்பது வருஷமாகப் பேசாதவள் தபால் பெட்டியில் எதற்குக் கடுதாசி போடுகிறாள் என்று நினைப்பாய். வைத்தியம் கேட்க அல்ல. தெரிவிக்கத்தான்.

ஒரு மாதமாக இடது காதுக்குள் ஊசி குத்துகிறது. விழுங்கினால் தொண்டையில் முள் நிற்கிறது, கழுத்தும் பிடிக்கிறது. கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு, "காது சுத்தமா இருக்கு பாட்டி" என்று அனுப்பிவிட்டார்.

உன் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அன்றும் செவ்வாய்க்கிழமை, மணி நாலே கால். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த நீ, பையைக்கூடக் கீழே வைக்காமல் படியில் நின்றபடியே, "சளிதான் அண்ணா, உப்புத் தண்ணி கொப்பளிங்க" என்றாய். ஐந்தே மாதம், தொண்டைப் புற்று கொண்டுபோய்விட்டது. இப்போது என் முறை போலிருக்கிறது.

உன் அண்ணி

மேல் வீடு
மார்ச் 4, மாலை

அன்புள்ள அண்ணி,

திட்டுவதை அப்புறம் திட்டுங்கள். குரல் கம்மியிருக்கிறதா? கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா? எச்சிலில் ரத்தம் உண்டா? உடம்பு இளைத்ததா? எப்படி அசைந்தால் வலி கூடுகிறது? காதில் ஒன்றும் இல்லாமல் காது வலித்தால் பல், தாடை, தொண்டை, கழுத்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் காத்திருக்கவே கூடாது. தொண்டை டாக்டரிடம் வியாழன் பத்து மணிக்கு உங்களுக்காகச் சொல்லிவைத்துவிட்டேன். நானும் வருகிறேன்.

நாத்தனார்

கீழ் வீடு
மார்ச் 5

நர்சம்மாவுக்கு,

குரல் கம்மவில்லை, சந்தேகமிருந்தால் பால்காரரைக் கேள். கட்டியும் ரத்தமும் இல்லை. இளைக்கவும் இல்லை, மோதிரம் இன்னும் கழல மறுக்கிறது. இடது பக்கம் தலையைத் திருப்பினால்தான் உயிர் போகிறது. நீ படியேறும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பக்கம் அது. சிரிக்காதே.

துணை வேண்டாம். தனியாகவே போய்க்கொள்வேன்.

அண்ணி

மேல் வீடு
மார்ச் 5, மாலை

அண்ணி,

சிரிக்கவில்லை. அண்ணன் கேட்ட அன்று கால் கடுத்தது, படுத்தால் போதும் என்றிருந்தது. டார்ச் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. முப்பது வருஷம் ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பார்த்தவள், அண்ணன் வாயைப் பார்க்கவில்லை. இதை உங்களிடம் சொல்ல ஒன்பது வருஷமாக என் வாயும் திறக்கவில்லை.

நாத்தனார்

கீழ் வீடு
மார்ச் 14

நாத்தனாருக்கு,

தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். உன் அண்ணனுக்கு வந்தது இல்லையாம். தொண்டைக்குள் விரலை வைத்து அழுத்தினார், வலி அங்கேதான் ஒளிந்திருந்தது. காதுக்குக் கீழே ஒரு எலும்பு அளவுக்கு மேல் நீண்டு குத்துகிறதாம், ஸ்கேனில் காட்டினார். இப்போதைக்கு மாத்திரை. கேட்காவிட்டால் ஆபரேஷன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் மறக்கப்போவதில்லை. பையில் டார்ச் இருந்ததையும் இனி சேர்த்து நினைப்பேன். நீயாகச் சொன்னாய் என்பதையும்தான்.

பதில் எழுதிப் பெட்டியில் போடாதே. நாளைக்கு வந்து கதவைத் தட்டு. நாற்காலியை என் வலது பக்கம் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் திரும்பினால் வலிக்கவில்லை.

அண்ணி