காசிமேட்டில் நிற்காத வண்டி

திருவொற்றியூர்,
10 மார்ச் 1934

அன்புள்ள அருள்பிரகாசத்துக்கு, உன்னோடு ஒரே பெஞ்சில் அடிவாங்கிப் படித்த கோதண்டம் எழுதுவது. நானும் பச்சையம்மாவும் சௌக்கியம். சிங்கப்பூரில் உன் உடம்பும் சுகமாக இருக்க வேண்டுகிறோம்.

உன் கடிதம் வந்ததிலிருந்து வீட்டில் சிங்கப்பூர்ப் பேச்சுதான். தண்டவாளமே இல்லாமல் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு டிராம் ஓடுகிறது, நேரமானால் யாருக்காகவும் நிற்பதில்லை, ஜனங்கள் வரிசையாக ஏறுகிறார்கள் என்றெல்லாம் நீ எழுதியதைப் படித்து, நான் ஓட்டுகிற பஸ்ஸை நினைத்து வெட்கமாகப் போய்விட்டது. டிரைவர் வேலை காலியாக இருக்கிறது, மாதக் கடைசிக்குள் பதில் போடு என்று வேறு எழுதிவிட்டாய். பச்சையம்மா அன்றே டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டாள். புருஷனை அனுப்புவதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

பதில் சொல்வதற்கு முன் இங்கே நடந்த கூத்தைக் கேள். உன் கடிதத்தை முதலாளி வேதமாணிக்கம் அண்ணாச்சிக்குப் படித்துக் காட்டினேன். சிங்கப்பூர்க்காரனுக்கு நாம் என்ன இளைத்தவர்களா என்று, மறுநாளே ஒரு கடிகாரம் வாங்கி பஸ்ஸில் என் தலைக்கு மேல் மாட்டிவிட்டார். இனி யாருக்கும் காத்திருக்கக் கூடாது என்று உத்தரவு. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

நம் ஜனங்களை உனக்குத் தெரியாதா? வண்டி வந்து ஹாரன் அடித்த பிறகுதான் கஞ்சி குடிக்க உட்காருவார்கள். இரண்டாம் ஹாரனுக்குக் கை கழுவுவார்கள். மூன்றாவதற்குத்தான் தெருவில் தலை தெரியும். அன்றைக்கு நான் ஒரே ஹாரனோடு கிளம்பிவிட்டேன். காலாடிப்பேட்டையில் ஈ காக்கை இல்லை. காசிமேட்டில் மீன்காரப் பவுனம்மாள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பட்டணத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். வண்டியில் இருந்தது நான், கண்டக்டர், கடிகாரத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, அவ்வளவுதான்.

திரும்பும்போது பவுனம்மாள் நடுரோட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். வெயிலில் மீன் கெட ஆரம்பித்திருந்தது.

“இன்னா நைனா, கடியாரத்துக்கா வண்டி ஓட்டிக்கினு கீற? அது ஏறிக் குந்திக்கினு துட்டு குடுக்குமா?” என்று கேட்டாள்.

அண்ணாச்சி கூடையோடு மீனை விலைக்கு வாங்கிக்கொண்டார். கடிகாரம் இப்போது அவர் கடையில் தொங்குகிறது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. போன மழைக்காலத்தில் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, வண்டியில் என்னைக் காணோமே என்று விசாரித்துக்கொண்டு வீடு தேடி வந்தவள் அவள்.

அதற்குப் பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். மூன்று வருஷமாக ஒரே வண்டியில் டிக்கெட் கொடுக்கிறேன், சாப்பிட்டாயா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறாய். முதல் தடவை படித்தபோது அதையும் சிங்கப்பூரின் ஒழுங்கில் சேர்த்துக்கொண்டேன். நான் ஒரு மடையன்.

வேலைக்கு நான் வரவில்லை, அருள். கோபித்துக்கொள்ளாதே. உங்கள் வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கேயும் சொல்லிப் பார்த்தேன், யார் முதலில் நிற்பது என்று சண்டை வந்துவிட்டது. இருந்தாலும் எனக்கு இந்த வண்டியே போதும். பச்சையம்மா பெட்டியில் மறுபடி பழைய புடவைகளை அடுக்கிவிட்டாள். வாய் திட்டுகிறது, முகம் சிரிக்கிறது.

நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன். கப்பல் எந்த நாள் என்று மட்டும் எழுது. துறைமுக வாசலில் வண்டியோடு நிற்கிறேன், சுங்கத்தில் எத்தனை நேரம் ஆனாலும் ஆகட்டும். பவுனம்மாளிடம் சொல்லிவிட்டேன். முன் சீட்டில் வேறு யாரையும் உட்கார விடமாட்டாளாம். அங்கே யார் சமைத்துப் போடுகிறார்கள், ஏன் இப்படி இளைத்துப் போனாய் என்று அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம், நம் ஊர்த் தேரடி வரைக்கும் நீ பதில் சொல்லிக்கொண்டே வரவேண்டியிருக்கும்.

உனக்காக ஒற்றியூர் ஈசனையும் உன் தேவமாதாவையும் சேர்த்தே வேண்டிக்கொள்ளும்,
கோதண்டம்