பத்து இலக்கச் சீர்

மே 23, 1978. துலூத், ஏரிக்கரை ஊர்
இன்று ஓர் எண்ணைப் பிடித்தேன். இந்த ஏரியில் இதுவரை எவன் பிடித்த மீனும் இதன் முன்னால் நெத்திலி. 1299963601. வாய்விட்டுச் சொன்னால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அக்கா மகள் மாரிட்டுக்குக் கல்யாணம். எண் பித்துப் பிடித்த எங்கள் எண் கழகத்து வழக்கப்படி தாய்மாமன் பெரிய பகா எண் ஒன்று தரவேண்டும்; மோதிரத்தின் உட்புறம் பொறிப்பார்கள். அது எதனாலும் வகுபடாது, அவர்களும் பிரியமாட்டார்கள்.

மே 27
ஐந்நூறு வரை வகுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கை கழன்று ஏரியில் விழாத குறை. பிறகு நான் வேலை பார்க்கும் ஆலையின் கணிப்பொறியில் கழகத்துச் சோதனை: 2, 3, 5, 7 ஒவ்வொன்றையும் அந்த எண் அளவு அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுக்க வேண்டும். மீதியாகப் பழைய 2, 3, 5, 7 வந்தால் தேர்ச்சி. வந்தன. பீர் குடித்தேன்.

ஜூன் 10
போர். கல்யாண விருந்தில் மாப்பிள்ளை வேட், அவனும் கழகத்தான், மோதிரத்து எண்ணை மேஜை விரிப்பிலேயே பென்சிலால் வகுத்துக்கொண்டிருந்தான்.
"601, 1201, 1801. மூணா உடையுது கிழவா. என்னக் கேனையன்னு நெனச்சியா?"
"எல்லாச் சோதனையையும் ஏமாத்துன எண்ணுடா. அந்த வேஷத்துக்காவது மரியாதை குடு" என்றேன்.
குத்தினான். நான் நாற்காலியைத் தூக்கினேன், அவன் பெஞ்சையே தூக்கினான். மீன் தட்டுகள் பறந்ததில் ஏரிக்கு அந்தப் பக்கம் விஸ்கான்சின் வரை மழை பெய்திருக்கும். என் மூக்கும் மூன்றாக உடைந்தது. தடுக்க வந்த மாரிட்டின் மணிக்கட்டை அவன் முறுக்கினான், அவள் மண்டியிடும் வரை. குடிவெறி என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

ஜூன் 11
மூச்சுவிட்டால் விசில் வருகிறது.

ஆகஸ்ட் 19
மாரிட் தொலைபேசியில் பேசினாள். மாடிப்படியில் விழுந்துவிட்டாளாம். அவர்கள் வீட்டுக்கு ஏது மாடி?

செப்டம்பர் 3
போனேன். வேட் வாசலிலேயே நின்றான். "தூங்குறா." பகல் பன்னிரண்டு மணி. நான் திரும்பி வந்தேன் — ஏன் வந்தேன்?

நவம்பர் 18
காலையில் மாரிட் வந்தாள். ஒரு பை. முன்பல் இல்லை. பின்னாலேயே அவன் லாரி. கதவை உதைத்து உடைத்துக்கொண்டு அவள் முடியைப் பிடித்தான். மீன் பிடிக்க ஏரிப் பனிக்கட்டியில் துளை போடும் கடப்பாரையால் அவன் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. இன்னொரு அடியும் அடித்தேன். போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது.

நவம்பர் 19
அவள் விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. இடுக்கியால் வெட்டினேன்.
"ஐந்நூறோட நிறுத்திட்டீங்களே மாமா. இன்னும் நூத்தியொண்ணு போயிருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்க."
"சோம்பேறித்தனம்மா. தப்புதான்."
"இருக்கட்டும். அவன் அடிக்கிறப்பல்லாம் 601, 1201, 1801னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டிருந்தேன். இதுவும் உடையும்னு தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு."
வெட்டு எண்ணின் நடுவில் விழுந்திருந்தது. சூப் சூடு பண்ணினேன். வாயின் ஒரு பக்கமாக, முழுக் கிண்ணமும் குடித்தாள்.