இரண்டாவது ட்ரிப்

4 மார்ச் 2025, செவ்வாய்

ஆகுர்டி ஓடையில் ரசாயனக் கழிவைக் கொட்டும் டேங்கர்கள் பற்றிய செய்தியை எழுதி முடித்தேன். விவரம் எல்லாம் தந்தது சலீம், அந்த டேங்கர்களில் ஒன்றை ஓட்டுகிறவன். அவன் பெயரோ முகமோ எங்கும் வராது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மறுதரப்பைக் கேட்காமல் எதையும் போடக் கூடாது என்பது எங்கள் ஆசிரியர் ராஜஸ்ரீயின் சட்டம். டேங்கர் முதலாளிக்கு வாட்ஸப்பில் ஐந்து கேள்விகள் அனுப்பினேன். மூன்றாவது எனக்கே பிடித்திருந்தது: "பிப்ரவரி 25 அன்று இரண்டாவது ட்ரிப்பில், சிறுபாலத்துக்குப் பின்னால் வால்வைத் திறந்தது உங்கள் வண்டிதானா?" இவ்வளவு துல்லியமாகக் கேட்டால் மழுப்ப முடியாது. பதினாறு வருடத்தில் கற்றுக்கொண்டது இது.

காஸ் சிலிண்டர் இன்றும் வரவில்லை. ஸ்டெல்லா என் மேல் பாய்ந்தாள், நான்தான் காஸ் கம்பெனி என்பது போல.

6 மார்ச்

பதில் இல்லை. செய்தி மதியம் தளத்தில் ஏறியது. மாலைக்குள் நாற்பதாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். சலீமுக்குச் சொல்லலாம் என்றால் போன் அணைந்திருக்கிறது.

11 மார்ச்

இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணல்.

வெள்ளிக்கிழமை மாலை, கட்கி ஸ்டேஷன் பக்கம். பைக்கில் இரண்டு பேர். "ஜெபகுமார் சார்?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். இரும்புக் கம்பி. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, விலாவில் விரிசல். "ஆதா விசார்" என்றான் ஒருவன். இப்போ கேளு பார்ப்போம் என்று. கேட்க ஒன்றும் தோன்றவில்லை. எதிரே வடாபாவ் தின்றுகொண்டிருந்தவர்கள் தின்று முடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

13 மார்ச்

நிருபர்கள் வாட்ஸப் குழுவில் அறுபத்திரண்டு கைகூப்பும் பொம்மைகள். செய்தியாக ஒருவரும் எழுதவில்லை. போன வருடம் வேறு ஊரில் ஒருவரை அடித்தபோது நானும் கைதான் கூப்பினேன்.

14 மார்ச்

புது எண்ணிலிருந்து சலீம். வாணியம்பாடியில் மாமியார் வீட்டில் இருக்கிறானாம். என்னை அடிப்பதற்கு மூன்று நாள் முன்பே அவனை டேங்கர் ஷெட்டில் வைத்து அடித்திருக்கிறார்கள். முன்பல் இரண்டு போய்விட்டது.

"எப்படிடா தெரிஞ்சுது அவங்களுக்கு?"

"ரெண்டாவது ட்ரிப்னு கேட்டிருக்கீங்கண்ணா. அன்னைக்கு ரெண்டாவது ட்ரிப் அடிச்சது நான் ஒருத்தன்தான்."

செய்தியில் அவன் இல்லை. கேள்வியில் இருந்திருக்கிறான். நானே கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்திருக்கிறேன் — என்ன மனுஷன் நான்?

திட்டவில்லை அவன். "நீங்க கேஸ் குடுங்கண்ணா. நானும் வந்து சாட்சி சொல்றேன். நான் தனியா போய்ச் சொன்னா யாரு நம்புவா?"

கொடுக்கிறேன் என்றேன்.

17 மார்ச்

போனுக்கு ஒரு படம் வந்தது. பள்ளி வாசலில் எங்கள் பாப்பா, கையில் தண்ணீர் பாட்டில். கீழே ஒரு எழுத்துகூட இல்லை.

ஸ்டெல்லாவும் பார்த்துவிட்டாள். "கேஸும் வேணாம் ஒண்ணும் வேணாங்க. எம்பிள்ளைய வெச்சு நீங்க நியாயம் கேக்க வேணாம்." அவள் அழவில்லை. நானும் அழவில்லை. பயம் என்று எழுதப் பார்க்கிறேன், அதுகூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடக்கிறது.

18 மார்ச்

ராஜஸ்ரீ செய்தியைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டாள். தற்காலிகமாகத்தான் என்றாள். சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி.

20 மார்ச்

போலீஸ் ஸ்டேஷன். ஹவல்தார் வாக்குமூலத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். பைக் மோதி விபத்து, வண்டி எண் தெரியாது. படித்துப் பாருங்கள் என்று நீட்டினார். அழகான மராத்தி. சலீம் நினைவுக்கு வந்தான். ஸ்டெல்லா பக்கத்தில் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பள்ளி விடும் நேரம்.

வலது கை மாவுக்கட்டில். இடது கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தேன். எழுதிப் பிழைக்கிறவன்.

2 ஏப்ரல்

மாம்பழக் கண்காட்சிக்கு அனுப்பினார்கள். நல்ல கூட்டம்.

9 ஏப்ரல்

ஹடப்சரிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். குடியிருப்புக் கிணற்றில் யாரோ கழிவு விடுகிறார்களாம், வீடியோ வைத்திருக்கிறாளாம். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். யாரிடம் என்று கேட்டாள். எனக்கு ஒரு பெயரும் சொல்லத் தெரியவில்லை.

24 ஏப்ரல்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை வெளுத்து இளைத்திருக்கிறது, விரல்கள் மடங்குகின்றன.

ஐந்து வாரமாகச் சலீமின் அழைப்பை நான் எடுக்கவில்லை. இன்று காலை எழுதிக் கேட்டிருந்தான்: "அண்ணா, கேஸ் என்னிக்கு? தேதி சொன்னா டிக்கெட் போட்டுடுவேன்."

மருத்துவமனை வாசலிலேயே உட்கார்ந்து வலது கையால் அடித்தேன்: "வர வேணாம் சலீம். எனக்கு நடந்தது ஆக்சிடென்ட்."

ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.

"சரிங்கண்ணா. கை பரவால்லயா?"