யாரும் திரும்பிப் பார்க்காத வெடி

ஒக்டோபர் 14, செவ்வாய் இரவு

சலாம் அதிபரை நேற்றுக் காலை அவருடைய வாசலிலேயே யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். எனக்கு வரவேண்டிய பள்ளிக்கூட அதிபர் கதிரையில் அரசியல்வாதியைப் பிடித்து ஏறியவர். துக்கம் வரவில்லை.

இன்று தேநீர்க் கடையில் அந்தக் கதைதான். "டி-ஐம்பத்தாறு மிஷின் துவக்கு எண்டா கொழும்பு கூலிக்கொலை ஆக்கள். இது பழைய வேட்டைத் துவக்காம். சல்லியில்லாத கொலைகாரன் போல!" என்று கடைக்காரர் சிரித்தார்.

அந்த மடமை எனக்குப் பொறுக்கவில்லை.

"சல்லி இல்லாம இல்ல. இங்க எல்லா இறால் பண்ணையிலயும் நீர்க்காகம் விரட்ட அதே துவக்காலதான் ஒவ்வொரு நாளும் சுடுறாங்க. அந்தச் சத்தத்துக்கு ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டம். நேத்து நானும் கேட்டன், பாண் தின்னுறத நிப்பாட்டல்ல. இது தெரிஞ்சுதான் அந்தத் துவக்க எடுத்திருக்கான். நம்மட ஊர்க்காரன்தான்," என்றேன்.

பண்ணைக் காவல்காரன் நிஸ்தார், "சேர் படிச்ச ஆள்தானே," என்று சிரித்தான். பிறகு நான் கூப்பிடாமலே என்னோடு நடந்து வந்தான். என் வாசல் படலையில் நின்று, வீட்டின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு என் மனைவியைப் பற்றிக் கேட்டான்.

"டீச்சர் மகள்ட ஊட்டுக்குப் போயிட்டாங்களாமே. சேர் தனியத்தான் ஈக்கிறீங்களா?"

"ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

கதவைப் பூட்டியாயிற்று. பொலிசுக்குப் போய் என்ன சொல்வது? ஒருவன் என்னைச் சுகம் விசாரித்தான் என்றா?