ஆடி கழியட்டும்

மெல்பேர்ண்
9 மே 1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமென்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் அண்ணி எழுதியிருப்பார்.

உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு படிப்பு இருக்கிறது. இரண்டு வருடம். முடித்தவர்கள் டொக்டரும் அல்ல, நேர்சும் அல்ல. நோயாளியைச் சோதிக்கலாம், காயம் தைக்கலாம், மருந்து எழுதலாம். மேலே ஒரு டொக்டர் பொறுப்பாக இருப்பார். எங்கள் ஊரில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயாவைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வார்டு சத்திரசிகிச்சை டொக்டர்தான் இதைப் பற்றிச் சொன்னார். "நீர் இங்கே நேர்சாகவே இருந்தால் ஓய்வு பெறும் வரைக்கும் கட்டில் விரிப்புத்தான் மாற்றுவீர்" என்றார். மனிதர் பாராட்டும்போதும் இப்படித்தான் பேசுவார்.

எனக்கு முப்பத்துமூன்று வயது. இரவு வேலையில் நோயாளிக்கு மூச்சு வாங்கினால் புதிய டொக்டரைக் கூப்பிடுகிறேன். என்ன செய்யலாம் என்று அவர் என்னைக் கேட்பார். நான் சொல்வேன். அதையே அவர் எனக்கு உத்தரவாகத் திருப்பிச் சொல்வார். இன்னும் இருபத்தைந்து வருடம் இதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

விண்ணப்பம் செப்டெம்பர் முதலாம் திகதிக்கு முன் அங்கே போய்ச் சேர வேண்டும். மூன்று பேரின் சிபாரிசு, சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகள், ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கட்டுரை. உங்களிடம் ரைப்ரைட்டரும் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. செய்து தருவீர்களா?

உங்கள் அன்புத் தங்கை
பாமா

&nbsp;

சிட்னி
18 மே 1976

அன்புத் தங்கச்சி பாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்கவும் வேண்டுமா? நம் குடும்பத்தில் யாழ்ப்பாணம் தொடங்கி அவுஸ்திரேலியா வரை யார் எதற்கு விண்ணப்பித்தாலும் எழுதியவன் நான். இதுவரை ஒன்றும் தோற்றதில்லை. என்னுடைய பதவி உயர்வுக்கு எழுதியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

விண்ணப்பம் என்பது பணிவின் கலை. "தங்கள் கீழ்ப்படிவுள்ள" என்று முடிக்காத விண்ணப்பத்தை யாரும் முழுதாகப் படித்ததாக எனக்குத் தெரியாது. சிபாரிசுக்கு இங்கே அரியரத்தினம் அங்கிள் இருக்கிறார். சமாதான நீதவான், ரப்பர் முத்திரை வைத்திருக்கிறார். நீ நல்ல குடும்பத்துப் பிள்ளை, கோயிலுக்குப் போவாய், பெரியவர்களை மதிப்பாய் என்று ஒரு பக்கம் எழுதித் தருவார். சான்றிதழ்களையும் அவரே உறுதிப்படுத்துவார்.

அமெரிக்கா தூரம். இதை ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

வேறொரு தகவல். நியூகாசிலில் பாலகிருஷ்ணன் என்று ஒருவர், கணக்காளர். சொந்த ஊர் மானிப்பாய்ப் பக்கம். வயது முப்பத்தெட்டு, தலைமுடி போதுமான அளவு. ஓகஸ்ட்டில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். நீயும் வரலாம். உன் அண்ணி கமலினி தோசைக்கு ஊறப்போடும்போது இரண்டு பேருக்கு அதிகமாக ஊறப்போடுவதில் ஒரு சிரமமும் இல்லை.

அன்புடன் அண்ணன்
கதிர்காமநாதன்

&nbsp;

மெல்பேர்ண்
6 ஜூன் 1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

அரியரத்தினம் அங்கிளுக்கு என் வணக்கம். அவருடைய முத்திரை வேண்டும், சிபாரிசு வேண்டாம். நான் கோயிலுக்குப் போவதை அவர் கண்டதில்லை. இந்த நாட்டில் போவதற்குக் கோயிலும் இல்லை. என் வேலையைப் பார்த்தவர்கள்தான் எழுத வேண்டுமாம். சத்திரசிகிச்சை டொக்டர், வார்டு சிஸ்டர், யாழ்ப்பாணத்தில் என்னைப் படிப்பித்த ஆசிரியை. மூன்று பேரும் சம்மதித்துவிட்டார்கள்.

கட்டுரையை எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு நான் சொன்னதில்லை. உழவு இயந்திரத்திலிருந்து விழுந்த ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். நெஞ்சுக்குள் காற்று அடைத்து முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. டொக்டர் ஒரு கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். நான் ஊசியைக் குத்திக் காற்றை வெளியே விட்டேன். ஆள் பிழைத்தார். டொக்டர் வந்து என்னை ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி திட்டினார். பிறகு, தானே செய்ததாகப் பதிவில் எழுதினார். கட்டுரையின் கடைசி வசனம் இது: அன்று திருட்டுத்தனமாகச் செய்ததை இனி உரிமையோடு செய்ய விரும்புகிறேன்.

பாலகிருஷ்ணனைப் பற்றி: தலைமுடி ஓகஸ்ட் வரை தாங்குமானால் பார்க்கலாம். அண்ணியின் தோசைக்காக வருகிறேன்.

அன்புடன்
பாமா

&nbsp;

சிட்னி
20 ஜூன் 1976

அன்புத் தங்கச்சி பாமாவுக்கு,

உன் கட்டுரையைப் படித்ததும் சிவப்புப் பேனையை எடுத்தேன். உத்தரவில்லாமல் ஒரு மனிதனின் நெஞ்சில் ஊசி குத்தியதை நீயே எழுதிக் கையெழுத்தும் போடுகிறாய். பொலீசுக்குக் கொடுக்கும் வாக்குமூலத்தில்கூட ஆட்கள் இவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. விவசாயியை அடித்தேன். ஊசியை அடித்தேன். டொக்டர் திட்டியதையும் அடித்தேன். மிஞ்சியது "சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை" என்று நான் சேர்த்த ஒரு பந்தி.

கமலினி குசினியில் சமையலை விட்டுவிட்டு வந்து வாங்கிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் அடிச்சதெல்லாம்தான் நல்லாயிருக்கு."

"உமக்கு விண்ணப்பத்தைப் பற்றி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. ஆனா எனக்கு நெஞ்சடைச்சால் உங்கடை சேவை மனப்பான்மை வேண்டாம். பாமாவைக் கூப்பிடுங்கோ."

இரண்டாவது தடவை படித்தேன். இந்தப் படிப்பே அந்த ஊசியைப் பற்றியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடித்த கோடுகளை விலக்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் திரும்பப் பெற்ற முதல் திருத்தம் இது. நீ எழுதியபடியே ரைப் செய்கிறேன். சான்றிதழ்களையும் சிபாரிசுகளையும் எனக்கு அனுப்பு. எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டால்தான் அழகு.

அன்புடன் அண்ணன்
கதிர்காமநாதன்

&nbsp;

மெல்பேர்ண்
8 ஜூலை 1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மூன்று சிபாரிசுகளும் ஒட்டிய உறைகளுக்குள் இருக்கின்றன. திறக்கக்கூடாதாம். உங்களுக்குக் கை துருதுருக்கும் என்று தெரியும்.

கையில் கிடைத்ததும் அங்கிளின் முத்திரையை வாங்கி விமானத் தபாலில் போட்டுவிடுங்கள். நானே இங்கிருந்து அனுப்பியிருக்கலாம் என்று சிநேகிதி யோகா சொல்கிறாள். அண்ணா இருக்கும்போது எனக்கென்ன என்றேன்.

வார்டில் நேற்று ஒரு கிழவருக்குத் தையல் பிரிக்கும்போது, "சிஸ்டர், உமக்கு இன்றைக்கு என்ன நடந்தது, பாடுகிறீரே?" என்று கேட்டார். நான் பாடினேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்புடன்
பாமா

&nbsp;

சிட்னி
22 ஜூலை 1976

அன்புத் தங்கச்சி பாமாவுக்கு,

எல்லாம் வந்து சேர்ந்தது. அரியரத்தினம் அங்கிள் ஒவ்வொரு பிரதியிலும் முத்திரை குத்தினார். வெற்றிடம் இருந்த இடங்களிலும் குத்தப் பார்த்தார், தடுத்தேன். கட்டுரையை ரைப் செய்தாயிற்று. ஒரு பிழை இல்லை.

ஒரு சின்ன விஷயம். ஆடி பிறந்துவிட்டது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். நான் பொறியியலாளன், தண்ணீர் எந்த மாதத்திலும் கீழ்நோக்கித்தான் ஓடுகிறது. ஆனால் கமலினி ஒரே பிடியாக நிற்கிறாள். ஆடியில் ஒரு நல்ல காரியம் தொடங்குவதா என்கிறாள். ஆவணி பிறந்த அன்றே போட்டால் திகதிக்கு முன் தாராளமாகப் போய்விடும்.

ஓகஸ்ட் 14, சனிக்கிழமை பாலகிருஷ்ணன் வருகிறார். நீ வெள்ளி இரவு ரயிலெடு. விருந்து கொடுக்க ஆடி தடையில்லையாம்.

அன்புடன் அண்ணன்
கதிர்காமநாதன்

&nbsp;

மெல்பேர்ண்
28 ஜூலை 1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

எங்கள் வார்டுக்கு ஆடியிலும் ஆட்கள் வருகிறார்கள். அண்ணியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இன்றைக்கே போட்டுவிடுங்கள். தயவுசெய்து.

14ஆம் திகதி வருகிறேன்.

பாமா

&nbsp;

சிட்னி
4 ஓகஸ்ட் 1976

அன்புத் தங்கச்சி பாமாவுக்கு,

சரி, உன் விருப்பம். அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொள். இனி அதைப் பற்றி யோசியாதே.

வரும்போது ஸ்பிரிங்வேல் பக்கம் நல்ல பச்சைமிளகாய் கிடைத்தால் கொண்டுவா. சிட்னி மிளகாய்க்கு உறைப்பு என்றால் என்னவென்று தெரியவில்லை.

அன்புடன் அண்ணன்
கதிர்காமநாதன்

&nbsp;

மெல்பேர்ண்
7 ஒக்டோபர் 1976

அண்ணாவுக்கு,

அமெரிக்காவிலிருந்து பதில் வந்துவிட்டது. விண்ணப்பம் செப்டெம்பர் பத்தாம் திகதி கிடைத்ததாம். அதற்குள் நேர்முகத்துக்கான இடங்கள் நிரம்பிவிட்டன. பொறுப்பாளர் ஒரு பெண். கடிதத்தின் அடியில் தன் கையால் நாலு வரி எழுதியிருக்கிறார். நேரத்துக்கு வந்திருந்தால் நேர்முகத்துக்கு நிச்சயம் அழைத்திருப்பாராம். கிளிநொச்சிக் கதையைத் தன் ஆசிரியர்களுக்கு வாசித்துக் காட்டினாராம். அடுத்த வருடம் தொடக்கம் வெளிநாட்டவரை எடுப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறதாம், மிகவும் வருந்துகிறாராம்.

தபாலில்தான் பிழை என்று நினைத்தேன். நேற்று அண்ணிக்கு ரெலிபோன் எடுத்தேன். "அண்ணி, நீங்கள் ஆடியைப் பாக்காமல் விட்டிருக்கலாமே" என்றேன், கோபமில்லாமல்தான்.

"ஆர், நானோ? என்ன ஆடி? போடுங்கோ போடுங்கோ எண்டு நான் நாளும் சொன்னனான், பிள்ளை. ஆவணி பிறந்து எத்தினை நாள், அது அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. கேட்டால், இண்டைக்கு மழை எண்டுவார்."

நான் உங்கள் வீட்டில் தோசை சாப்பிட்டபோது அது பக்கத்து அறையில் இருந்திருக்கிறது. நான் பாலகிருஷ்ணனிடம் அமெரிக்காவைப் பற்றிப் பேசினேன். நீங்கள் எனக்கு இன்னும் ஒரு தோசை வைத்தீர்கள்.

பாலகிருஷ்ணன் நல்ல மனிதர். ரயில் நிலையத்தில் விடும்போது, தனக்குக் கலியாண எண்ணமே இல்லை, உங்களை மறுத்துப் பேச முடியாமல்தான் வந்ததாகச் சொன்னார். நானும் அப்படித்தான் என்றேன். இருவரும் நன்றாகச் சிரித்தோம்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஏன்?

பாமா

&nbsp;

சிட்னி
24 ஒக்டோபர் 1976

அன்புத் தங்கச்சி பாமாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பல பதில்கள் எழுதினேன். ஒன்றில் தபால் ஊழியர்களைக் குறை சொன்னேன். ஒன்றில் பாலகிருஷ்ணனை. நன்றாக எழுதப்பட்ட பதில்கள். கமலினி வாசித்துவிட்டு எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாள். இப்போது அவள் என்னோடு சமையலைப் பற்றி மட்டும்தான் பேசுகிறாள், அதுவும் தேவைக்கு.

அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது நீ. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. நீ மெல்பேர்ணில் இருப்பதையே நான் தூரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் உலகப் படம் ஒன்று தொங்குகிறது. உன் பள்ளி இருக்கும் ஊரை அதில் தேடிப் பிடித்தேன். அதன் பிறகு தபால் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு வேறு வேலை வந்தது. வேண்டுமென்றே பிந்த விட்டேன் என்று அப்போது எனக்குள்கூட நான் சொல்லிக்கொள்ளவில்லை. நாளைக்குப் போடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன். கடைசியில் போட்டது கமலினி.

ஏன் என்று கேட்டாய். உன் கட்டுரையை நான் வாசித்தேன், பாமா. அவர்கள் உன்னை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஒரு சாதாரண விண்ணப்பமாக இருந்திருந்தால் அன்றைக்கே தபாலில் போட்டிருப்பேன்.

வேறு பள்ளிகள் இருக்கும். விபரம் எடுத்துத் தருகிறேன். பதில் எழுது.

அண்ணன்
கதிர்காமநாதன்

&nbsp;

மெல்பேர்ண்
28 நவம்பர் 1976

அண்ணாவுக்கு,

அவுஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் ஒரு சின்ன மருத்துவ நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. டொக்டர் விமானத்தில் வாரத்துக்கு ஒருமுறை வருவார், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. மற்ற நாட்களில் சோதிப்பதும் தைப்பதும் மருந்து கொடுப்பதும் நான்தான். அதற்குப் படிப்பு வேண்டாமா என்று கேட்டேன். வருவதற்கு வேறு ஆளில்லை, அதுவே தகுதி என்றார்கள். அமெரிக்காவில் இரண்டு வருடம் படித்துப் பெற வேண்டிய உரிமை, சாலை முடிந்த இடத்தில் சும்மா கிடைக்கிறது. ஆனாலும் நான் அந்தப் படிப்பைத்தான் விரும்பினேன். தெரிந்து செய்வது வேறு, துணிந்து செய்வது வேறு. துணிவு எனக்கு ஏற்கெனவே இருந்தது.

கோபமில்லை என்று எழுத முயன்றேன், எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது என்று எழுதினாலும் பொய் மாதிரித்தான் இருக்கிறது. நீங்கள் அன்பினால் செய்தீர்கள் என்று யோகா சொல்கிறாள். அது எனக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை புறப்படுகிறேன். புதிய முகவரியை அண்ணிக்கு எழுதியிருக்கிறேன். அவரிடம் கேட்காதீர்கள். நீங்கள் கேட்டால் அவர் தந்துவிடுவார்.

சத்தியபாமா