சாம்பிராணி போடாத வீடு

அன்பு மகன் பகீத்துக்கு, நீ இருக்கும் ஊரில் உன் உடம்பையும் வேலையையும் அல்லாஹ் காப்பானாக. ஸலாலாவில் எல்லோரும் சுகம், ஒட்டகங்களும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது என்றைக்குச் சுகமாக இருந்தது. சாரல் தொடங்கிவிட்டது, சுவரெல்லாம் ஈரம், உன் தங்கை துஃபூலுக்கு இழுப்பும் தொடங்கிவிட்டது. அதைப் பற்றி வெளியே யாரிடமும் மூச்சு விடவில்லை. முன்னே பெண் பார்க்க வந்தவர்கள் அவள் இன்ஹேலரைப் பார்த்ததும், "பொறக்கிற பிள்ளைக்கும் வருமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள், இன்னும் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்.

போன வாரம் ரய்யா தன் மகன் மஹாதுக்குப் பெண் கேட்டு, தங்கைகளோடு வந்தாள். துஃபூலுக்கு மஹாதைப் பிடித்திருக்கிறது, அதனால் இந்த இடமும் தட்டிப்போகக் கூடாது என்று நினைத்தேன். புகை பட்டால் இழுப்பு வந்து குட்டு உடைந்துவிடும் என்று, பெரிய புத்திசாலி மாதிரி தூபக்காலை ஆட்டுப்பட்டியில் ஒளித்து வைத்தேன். நம் வழக்கப்படி கடைசியில் சாம்பிராணி சுற்றி வந்தால்தான் விருந்தாளி எழுந்து போக முடியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. உட்கார்ந்தார்கள். காப்பி தீர்ந்தது, பேரீச்சம்பழம் தீர்ந்தது, பேச்சும் தீர்ந்தது, அப்புறமும் உட்கார்ந்தார்கள். உன் அப்பா கதவோரம் வந்து, "என்ன, இங்கேயே குடி வந்துட்டாங்களா?" என்று ரகசியம் பேசினார், தெருவுக்கே கேட்டது. வந்தவர்களின் துணியெல்லாம் சாம்பிராணிப் புகை காட்டியவை, நேரம் ஆக ஆக துஃபூலின் நெஞ்சில் விசில் அடித்தது. ரய்யா பொறுக்க முடியாமல், "ஏன் தும்னா, உங்க வீட்டுல நெருப்பே கிடையாதா?" என்றாள். துஃபூல் எல்லோர் முன்னாலும் இன்ஹேலரை எடுத்து உறிஞ்சிவிட்டு, "நெருப்பு இருக்கு. எனக்கு ஆஸ்துமாவும் இருக்கு, அதான் அம்மா தூபக்காலை ஒளிச்சு வச்சுட்டாங்க. நீங்க தாராளமா கிளம்பலாம்" என்றாள். கிளம்பிவிட்டார்கள். "கெடுத்தியேடி" என்று நான் அழுதேன். "மறைச்சுக் கட்டிக்கிட்டு ஆயுசு முழுக்க குளியலறையில ஒளிஞ்சு மூச்சு விடச் சொல்றியா?" என்று கேட்டாள்.

நேற்று ரய்யா தனியாக வந்தாள். கன்னத்தில் முத்தமிடக் குனிந்தால் வெறும் சோப்பு வாசனை. நம் பெண்கள் துக்கத்துக்கு மட்டும்தானே வாசனை போடாமல் இருப்பார்கள், நான் பதறிப்போய், "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டேன். "ஒருத்தரும் போகல. உன் பொண்ணுக்காக துணியெல்லாம் திரும்பத் திரும்ப அலசினேன், லேசுல போகமாட்டேன்னுடுச்சு இந்தச் சாம்பிராணி வாசனை" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இழுப்பைப் பற்றி அவள் வேறொன்றும் கேட்கவில்லை, நிக்காஹுக்கு நாள் கேட்டாள். பிறகு புகையில்லாமல் எப்படி எழுந்து போவது என்று அவளுக்கும் தெரியவில்லை, எப்படி அனுப்புவது என்று எனக்கும் தெரியவில்லை. துஃபூல்தான் எழுந்து நின்று, "மாமி, இருட்டப்போகுது, போயிட்டு வாங்க" என்றாள். ரய்யா சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடினாள்.

சாரல் முடிந்ததும் நிக்காஹ். விடுமுறைக்கு இப்போதே சொல்லி வை. வேளைக்குச் சாப்பிடு, அல்லாஹ் உன் கூடவே இருப்பான். வரும்போது செண்ட் பாட்டில் எதுவும் வாங்கி வராதே, நல்ல சோப்பாகப் பார்த்து வாங்கி வா.

உன் அம்மா,
தும்னா